யோசிச்சுச் சொல்றேன்

கிள்ளான் பாசாரில் மீன் கடை முதலாளியான சீனத் தாவ்கே யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். மீனைத் தராசில் போடுவது, காகிதத்தில் சுற்றுவது, அடுத்த ஆளைப் பார்த்துக் கத்துவது எல்லாம் அவருக்கு ஒரே மூச்சு. அவர் கடைக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நின்றுகொண்டு இரண்டு மீன்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதை வாங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"தங்காச்சி, செபாட் லா," என்று அவசரப்படுத்தினார் தாவ்கே.

"நந்தி டுலு, தாவ்கே," என்றார் அக்கா. கொஞ்சம் பொறுங்கள் என்று மலாயில் அர்த்தம். அதோடு விடாமல் மலாயிலேயே விளக்கமும் கொடுத்தார். இன்றைக்கு என் தலை மெதுவாகத்தான் ஓடுகிறது, நீங்கள் மற்றவர்களுக்குப் போடுங்கள், நான் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பின்னால் நின்ற ஒரு அம்மாள் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்துத் தமிழில், "சிரிச்சுக்குங்க. கூடையை மட்டும் தள்ளாதீங்க," என்றார்.

தாவ்கே கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களைத் தூரத்தில் கண்டதுமே பாசார் முழுக்கக் கேட்கும்படி, "தங்காச்சி, இன்னிக்குத் தலை எப்படி?" என்று மலாயில் கேட்பார். அக்காவும் கூச்சமில்லாமல் பதில் சொல்வார். "போன வாரத்துக்கு இது பரவாயில்லை, தாவ்கே." அல்லது, "இன்னிக்கு மோசம். நீங்களே ஒரு மீனை எடுத்துக் குடுங்க." பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான் ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் போதும், காது சூடாகிவிடும்.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவரிடம் கேட்டிருந்தால், "எழுதேன், அதுல என்ன இருக்கு," என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் மகளிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். வரிசை வீடுகள். அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும். அவர் வீட்டில் அக்கா, அவர் கணவர், ஒரு பெண் குழந்தை. அக்காவும் நானும் ஷா ஆலம் பக்கம் ரேடியோ செய்யும் ஒரு ஃபெக்டரியில் வேலை செய்தோம். விடியும்போது ஃபெக்டரி பஸ் எங்கள் முனைக்கு வந்து ஹார்ன் அடிக்கும்.

அக்காவை அதற்கு முன்பு தெரிந்தவர்கள் அவர் மெதுவாக யோசிப்பார் என்றால் நம்ப மாட்டார்கள். அவர் எங்கள் லைனுக்கு லீடர். லைன் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு நீளப் பட்டை. அதன் இரு பக்கமும் நாங்கள் உட்கார்ந்து, முன்னால் வரும் பலகைகளில் ஒயர் வைத்து ஈயம் ஒட்டுவோம். அக்கா பின்னால் நடந்து போய்க்கொண்டே, "ஏய், உன்னோட செவப்பு ஒயரு தலைகீழா இருக்கு பாரு," என்று சொல்லிவிட்டுப் போவார். நின்று பார்க்க மாட்டார். நடக்கிற நடையில் பார்த்துவிடுவார். சூப்பர்வைசர் கேள்வியை முடிக்கும் முன்பே அக்காவிடமிருந்து பதில் வந்துவிடும். பஸ்ஸில் யாராவது அவரைக் கேலி செய்தால் திருப்பிக் கொடுக்கும் வேகத்தில் கேலி செய்தவள் வாயை மூடிக்கொள்வாள்.

அவர் கணவர் லோரி ஓட்டினார். ஈப்போ பக்கம் சரக்கு ஏற்றிப் போய் வந்துகொண்டிருந்தவர், ஒரு தடவை போனவர் திரும்பி வரவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. இதைப் பற்றி எங்கள் வரிசையில் யாரும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நாலாவது வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சடங்கு நடந்தது. பழத்தட்டு, பூத்தட்டு, வளையல் தட்டு என்று அடுக்கி வைத்திருந்தார்கள். பெண்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். அக்காவும் ஒரு பூத்தட்டைத் தூக்கினார். வீட்டுக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு வந்து, "நீங்க எதுக்குக்கா சிரமப்படறீங்க, உக்காருங்க," என்று சொல்லி அந்தத் தட்டை மெல்ல வாங்கி எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. குரல்கூட உயரவில்லை. அக்காவின் இரண்டு கைகளும் தட்டைப் பிடித்த மாதிரியே கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு கைகளைக் கீழே போட்டுக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடும் வரை இருந்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. வாசல் கேட்டில் நின்று பேசுகிறவர்கள் அவர் வந்தால் குழந்தைகளைக் கூப்பிடுகிற சாக்கில் உள்ளே போனார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த கணவர் வீட்டார், "அவ ஒழுங்கா இருந்திருந்தா அவன் ஏன் போறான்," என்று சொன்னதை யாரோ கொண்டுவந்து அவரிடம் சேர்த்தார்கள். அக்கா எதற்கும் பதில் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "நல்லா இருக்கேன்," என்றார். அப்படி ஆறேழு மாதம் ஓடியது.

நான் கவனித்தது வேலையில்தான். அக்கா எங்கள் பின்னால் நடப்பார், ஆனால் எதுவும் சொல்ல மாட்டார். தலைகீழாக வைத்த ஒயர்கள் அவரைத் தாண்டிப் போயின. சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் என்னிடம், "நீ ஏன் என்னை முறைக்கிற?" என்று கேட்டார். நான் முறைக்கவில்லை. என் முகமே அப்படித்தான். சொன்னேன். அவர் நம்பவில்லை. அம்மா ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "வேவு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அம்மா இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் அக்கா லைனை நிறுத்திவிட்டார்.

லைன் யாருக்காகவும் நிற்காது. எங்களுக்கு வயிறு வலித்தாலும் அது நகரும். பட்டையின் முனையில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. இயந்திரம் தீப்பிடித்தால், யாராவது கை மாட்டிக்கொண்டால் மட்டும்தான் அதை அழுத்தலாம். அக்கா நடந்து போனார், அழுத்தினார், அங்கேயே நின்றார். பட்டை நின்றது. அத்தனை பேரும் கையிலிருந்த ஒயரோடு அப்படியே திரும்பிப் பார்த்தோம்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

அக்கா அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "இருங்க," என்றார். "ரொம்ப வேகமா போவுது. எனக்கு யோசிக்கணும்."

அதற்கு முந்தின வாரம்தான் அடுத்த கட்டடத்தில் சில மலாய்ப் பெண்கள் எதையோ பார்த்ததாகச் சொல்லி ஒருவர் பின் ஒருவராக அலறி மயங்கி விழுந்திருந்தார்கள். அந்தக் காலத்து ஃபெக்டரிகளில் அது அவ்வப்போது நடக்கும். அப்படி நடந்தால் போமோவை வரவழைப்பார்கள். போமோ என்றால் மலாய் மந்திரவாதி. ஓதி, தண்ணீர் தெளித்து, பேயை இறக்குவார். சூப்பர்வைசர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் இதுவும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டார். அக்காவைச் சிக் ரூமில் உட்கார வைத்துவிட்டு போமோவுக்கு ஆள் அனுப்பினார்கள். துணைக்கு என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்து வீடு என்பதால்.

வந்தவர் வயதானவர். தலையில் சொங்கோக் தொப்பி, கையில் ஒரு சின்னப் பை. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, அமைதியான குரலில், உனக்குக் கண்ணில் என்னம்மா தெரிகிறது என்று மலாயில் கேட்டார்.

"நந்தி டுலு, பாச்சே," என்று அந்தப் பெரியவரிடம் சொன்னார் அக்கா.

கிழவருக்கும் அவசரம் இல்லை. யாரோ அவருக்கு ஒரு கிளாஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதை ஊதி ஊதிக் குடித்தார். சூப்பர்வைசர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் முடியும் நேரத்தில் அக்கா பேசினார்.

"ஒண்ணும் தெரியலை. எல்லார் முகமும் கோவமா தெரியுது. உங்க முகமும் அப்படித்தான் தெரியுது. ஆனா நீங்க கோவமா இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அப்படித்தான் தெரியுது."

கிழவர் பையைத் திறக்கவே இல்லை. எழுந்து, சூப்பர்வைசரிடம் போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை. வந்ததற்குத் தண்ணீராவது தெளித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் சொன்னதற்காகக் கிழவர் தெளித்தார், பாதி என் மேல் விழுந்தது. அவர் போன பிறகு ஃபெக்டரி மிசி, அங்கே இருந்த நர்ஸ், அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பெட்டி மடிப்பது, டேப் ஒட்டுவது. லீடராக இருந்தவரை அங்கே போட்டால் அவரே வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தார்கள். அக்கா விடவில்லை. "பெட்டி என்னைய முறைக்காது," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாகத்தான் பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுப் பின்வாசல் வேலிக்கு வந்து நின்று, "உன் அம்மாவைக் கூப்பிடு," என்றார். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"அன்னிக்குக் கேசரி கொண்டுவந்தப்ப நான் பேசினது தப்பு. ஆனா அது நான் மட்டும் பேசினது இல்லை. எனக்கு டிப்ரெஷனாம்," என்றார் அக்கா.

"அப்படின்னா?" என்றார் அம்மா.

அக்கா யோசித்தார். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.

"மூளைக்குள்ள ஒரு எடம் இருக்காம். ஆபத்து வந்தா அது மணி அடிக்கும். பாம்பு வந்தாலும் அடிக்கும், நாலு பேரு ஒதுக்கி வச்சாலும் அடிக்கும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதானாம். எல்லாருக்கும் கொஞ்ச நேரத்துல நின்னுடும். எனக்கு ரொம்ப நாளு அடிச்சு அடிச்சு, நிக்க மறந்துடுச்சு. நம்ம ஃபெக்டரியிலயே ஒரு பக்கம் அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்தா மத்த லைன்ல வேலை நடக்குமா? யோசிக்கிற எடம், ஞாபகம் வச்சுக்கிற எடம் எல்லாம் அந்தச் சத்தத்துல திணறுது. கெட்டது மட்டும் ஞாபகத்துக்கு வருது. நல்லது வர மாட்டேங்குது. யாரு சும்மா பாத்தாலும் முறைக்கிற மாதிரி இருக்குது. ரெண்டு மீன்ல ஒண்ணை எடுக்க முடியலை."

டாக்டர் இப்படித்தான் சொன்னாரா, அக்காவே அப்படி வைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எவ்வளவு புரிந்தது என்றும் தெரியாது. கடைசியில் அம்மா, "மருந்து குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தாங்க. மருந்து வேலை செய்ய நாளாகுமாம். அதுவரைக்கும் என் தலை மெதுவாத்தான் ஓடும். அதை மறைச்சுக்கிட்டு வேகமா ஓடற மாதிரி நடிச்சுத்தான் நான் இவ்வளவு தூரம் வந்துட்டேன். இனிமே நடிக்க மாட்டேன். காத்திருக்கறவங்க காத்திருக்கட்டும்."

சொன்னபடியே செய்தார். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வதை அன்றோடு நிறுத்தினார். பஸ்காரரிடம், கடைக்காரரிடம், மகளின் டீச்சரிடம், எல்லாரிடமும் ஒரே வார்த்தை. "இருங்க, யோசிச்சுச் சொல்றேன்." சில நாள் நிஜமாகவே யோசிக்க முடியாமல் சொன்னார். சில நாள் வேண்டுமென்றே சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஃபெக்டரி மேனேஜர் ஒருமுறை பேக்கிங் பகுதிக்கு வந்து, "ஹௌ ஆர் யூ?" என்று கேட்டுவிட்டு நடந்து போகப் பார்த்தார். அக்கா அவரை நிறுத்தி வைத்து, யோசித்து, "நாட் குட்," என்றார். மேனேஜர் கொஞ்ச நேரம் ஒரு காலியான பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில்தான் அதிகப் பேச்சு. காலையில் ஏறினால் எல்லாரும் கேட்பது, "பசியாறியாச்சா? நல்லா இருக்கீங்களா?" என்பது. அக்கா ஏறியதும் பழக்க தோஷத்தில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"பசியாறியாச்சு. நல்லா இல்லை," என்றார் அக்கா. "டிப்ரெஷனுக்கு மருந்து சாப்பிடறேன். காலைல எந்திரிக்கறதுக்கே ஒரு மணி நேரம் ஆவுது."

முன் சீட்டில் இருந்த ஒரு பெரியம்மா திரும்பி, "இதையெல்லாம் வெளியில சொல்லாதம்மா. தஞ்சோங் ரம்புத்தான் கேஸுன்னு சொல்லிடுவாளுங்க," என்றார். எங்கள் ஊரில் யாரையாவது பைத்தியம் என்று ஏச, மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள்.

"நீங்க இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிடறீங்களே பெரியம்மா. அதை ஊருக்கெல்லாம் சொல்றீங்க. போன வாரம் எனக்கு அளவுகூட சொன்னீங்க."

"அது உடம்பு லா."

"தலை உடம்புல இல்லையா?"

பின் சீட்டில் ஒருத்தி பக்கென்று சிரித்தாள். பெரியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அக்கா பக்கத்து சீட் அன்றைக்கும் காலியாகத்தான் போனது. நான் என் சீட்டிலிருந்து எழுந்து போய் அங்கே உட்கார ஒரு வாரம் யோசித்தேன். உட்கார்ந்த அன்றைக்கு அக்கா ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மகளை எல்லாரும் பாப்பா என்போம். அப்போது இரண்டாம் வகுப்பு. அந்த வருடம் பள்ளி விடுமுறைக்குக் கணவரின் அண்ணன் வந்து பாப்பாவைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துக்கொண்டு போனார். விடுமுறை முடிந்தது. பாப்பாவைத் திருப்பி அனுப்பவில்லை. அக்கா போய்க் கேட்டதற்கு, "பைத்தியக்காரிகிட்ட எங்க வீட்டுப் புள்ளைய விட முடியாது. பெரியவங்களை வச்சுப் பேசிக்கலாம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட்டு, வக்கீல் என்றெல்லாம் எங்கள் ஆட்கள் போகமாட்டார்கள். கோவில் மண்டபத்தில் தலைவரும் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். அங்கே சொன்னதுதான் முடிவு. மீறினால் நல்லது கெட்டதுக்கு ஒரு ஆள் வராது. இந்தத் தடவை பேச்சு பிரிக்பீல்ட்ஸில், அவர்கள் கோவிலில், அவர்கள் ஆட்களுக்கு நடுவில். அக்கா பக்கம் செமினியிலிருந்து வந்த அவர் தம்பி, பிறகு நான்.

ரயிலில் போகும்போது தம்பி சொல்லிக்கொண்டே வந்தார். "கேட்ட உடனே பதில் சொல்லிடுக்கா. யோசிக்கிறேன் கீசிக்கிறேன்னு நிக்காதே. மருந்தைப் பத்திக் கேட்டா, தூக்கம் வரலைன்னு ரெண்டு நாள் சாப்பிட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான், பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடலாம்."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு மேசை. அதற்குப் பின்னால் தலைவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பக்கமும் பெரியவர்கள். மேசைக்குப் பக்கத்தில் ஒற்றை நாற்காலி, சனங்களைப் பார்க்கிற மாதிரி. அது அக்காவுக்கு. எதிரே கணவர் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாப்பா கடைசி வரிசையில் அந்த அண்ணன் மனைவியின் மடியில் இருந்தது. அக்காவைப் பார்த்ததும் இறங்கப் பார்த்தது. அந்த அம்மாள் விடவில்லை.

கணவரின் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார். அக்காவின் மருந்து. கிள்ளானுக்கு வந்தபோது அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"ஏம்மா, நீ மண்டைக்கு மருந்து சாப்பிடறியாமே?" என்றார் தலைவர்.

அக்கா வாயைத் திறந்தார். எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. எனக்கு அந்த நிலைமை தெரியும். ஆனால் எனக்குக் கூச்சம். அவருக்கு உள்ளே மணி.

"பாத்துக்குங்க. ஒரு கேள்விக்கே இப்படி. இவ எப்படிப் புள்ள வளப்பா?" என்றார் அண்ணன்.

"சொல்லுக்கா," என்று தம்பி முணுமுணுத்தார். "இல்லைன்னு சொல்லிடு."

அக்கா எழுந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கினார். திருப்பினார். சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இப்போது அவர் முதுகும் கொண்டையும்தான் தெரிந்தன.

"என்னம்மா இது? சபைக்கு முதுகைக் காட்டற?"

"மன்னிச்சுக்குங்க தலைவரே." குரல் தெளிவாக வந்தது. "இத்தனை முகத்தை ஒண்ணா பாத்தா எனக்கு யோசனை நின்னு போவுது. என் நோயே அதுதான். என் முதுகைப் பாத்துக் கேளுங்க. பதில் லேட்டா வரும். ஆனா வரும்."

"மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு மரியாதை வேணுமா, பதில் வேணுமா மாமா?"

சலசலப்பு எழுந்தது. தலைவர் மேசையைத் தட்டினார். பிறகு, அக்காவின் முதுகைப் பார்த்து, முதல் கேள்வியை மறுபடி கேட்டார்.

அக்கா நேரம் எடுத்துக்கொண்டார். "ஆமா. டிப்ரெஷனுக்குச் சாப்பிடறேன். தூக்க மருந்து இல்லை. நிறுத்தச் சொல்லி டாக்டர் சொல்ற வரைக்கும் சாப்பிடுவேன்."

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"வேலை?"

"போறேன். பேக்கிங்ல இருக்கேன்."

"போன மாசம் ரெண்டு நாளு படுத்த படுக்கையா கெடந்தா," என்று எழுந்தார் அண்ணன். "புள்ள பக்கத்து வீட்டுல சோறு தின்னுச்சு. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

"உண்மையாம்மா?"

இந்தத் தடவை நெடுநேரம் ஆனது. யாரோ இருமினார்கள். "உண்மை," என்றார் அக்கா. "இனிமேலும் அப்படி வரும். அப்படி வந்தா பாப்பா பையை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவா. முன்னாடியே பேசி வச்சிருக்கோம். அந்த வீட்டுப் பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கு. கேளுங்க."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பின. என்னைக் கேட்பார்கள் என்று அக்கா முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். எழுந்து நின்றேன். தரையைப் பார்த்தேன்.

அக்கா திரும்பாமல் சுவரிடம் சொன்னார். "அவளை அவசரப்படுத்தாதீங்க. பேசுவா."

யாரும் அவசரப்படுத்தவில்லை. "ஆமாங்க," என்றேன். "பாப்பா வரும். சாப்பிடும், வீட்டுப் பாடம் எழுதும். அக்கா எந்திரிச்சதும் போயிடும். எங்களுக்கு அதுல ஒரு சிரமமும் இல்லைங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களோடு குனிந்து பேசினார். நிமிர்ந்து சொன்னார். "சரி. புள்ள உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. நோய் நொடின்னு வெளியில சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது. பாசார்லயும் பஸ்லயும் நீயே சொல்றியாமே. நாளைக்குப் புள்ளைக்குக் கல்யாணம் காட்சி ஆவணும். குடும்பப் பேருன்னு ஒண்ணு இருக்கு. இனிமே வாயைத் தொறக்க மாட்டேன்னு சொல்லு. கூட்டிக்கிட்டுப் போ."

எனக்கு உயிர் வந்தது. தம்பி எழுந்தே விட்டார். "சரிங்க தலைவரே, சரிங்க." அக்கா தலையை ஆட்டினால் போதும். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"இருங்க," என்றார் அக்கா. "யோசிச்சுச் சொல்றேன்."

"அக்கா, இதுல என்னக்கா யோசனை," என்றார் தம்பி. கெஞ்சுகிற குரல்.

பாப்பா பின்னால் நெளிந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு ரயில் போய் முடிந்தது.

"முடியாது தலைவரே."

தம்பி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொதல்ல நான் யாருகிட்டயும் சொல்லலை," என்றார் அக்கா, நிறுத்தி நிறுத்தி. "கேட்டவங்களுக்கெல்லாம் நல்லா இருக்கேன்னுதான் சொன்னேன். அப்பதான் நான் இருந்து என்ன ஆகப்போவுதுன்னு தோண ஆரம்பிச்சுச்சு. தெனமும் தோணுச்சு. வாயைத் தொறந்து சொன்ன பிறகுதான் அது கொறஞ்சுச்சு. மறுபடி மூடிக்கிட்டா குடும்பப் பேரு இருக்கும். பாப்பாவுக்கு அம்மா இருப்பாளான்னு எனக்குத் தெரியாது. ரெண்டுல எது வேணும்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

அண்ணன் எழுந்து ஏதோ சொல்லப் போனார். தலைவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். அத்தனை பேரும் இப்போது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒருத்தர்தான் பார்க்கவில்லை.

"புள்ளைய விடு," என்றார் தலைவர் அண்ணனிடம்.

"அப்ப வெளியில சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"அதான் முடியாதுங்கறாங்களே."

அக்கா எழுந்தார். நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டார். மேசையிலிருந்து மருந்துப் பையை எடுத்துக்கொண்டார். பாப்பா நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து ஓடி வந்தது. வெளியே வரும்போது அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. யாரையும் பார்த்துத் தலை குனியவும் இல்லை. ரயிலில் உட்கார்ந்ததும் பாப்பா அக்காவின் இரண்டு கையையும் பிடித்து வைத்துக்கொண்டது. கிள்ளானில் இறங்கும்போது தம்பி, "எனக்கு நெஞ்சே நின்னுடுச்சுக்கா," என்றார். "உனக்குமா?" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் பாப்பா பள்ளிப் பையோடு எங்கள் வாசலில் நின்றது. அக்கா எழுந்திருக்கவில்லை. ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார், ஒரு வாரமாவது நன்றாக இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அது அப்படி வேலை செய்யாது போலிருக்கிறது. மண்டபத்தில் பார்க்காமல் விட்ட முகங்கள் எல்லாம் ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டன என்று பிறகு சொன்னார்.

பாப்பாவுக்கு அம்மா தோசை சுட்டுக் கொடுத்தார். நான் வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவைப் பார்க்கப் போனேன். அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அக்கா, கஞ்சி கொண்டுவரவா? ரொட்டியும் மைலோவும் போதுமா?"

பதில் இல்லை. முதுகு மெல்ல ஏறி இறங்கியது. விழித்துத்தான் இருந்தார். கேட்டதும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

நான் பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முனையில் ஃபெக்டரி பஸ் வந்து ஹார்ன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது.

அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.